நான் சேர்த்த பதினோராவது விதி

தென்காசியில் ஒரு மர மில்லில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது, தொழிலாளர் நோய் உதவி நிதியின் விதிப் புத்தகத்தில் ஒரு விதியை நானாகவே எழுதிச் சேர்த்தேன். எந்தக் கூட்டமும் நிறைவேற்றாத விதி அது. அதைக் காட்டி, காய்ச்சலில் கிடந்த ஒருவருக்குச் சேர வேண்டியதை மறுத்தேன். இன்று ஆபீஸ் நாற்காலிகளில் உட்காரும் இளையவர்கள் படிக்கட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிக் பண்டு

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மில்லில் அறுபது பேர் வேலை பார்த்தோம். மலையிலிருந்து வண்டியில் வரும் மரத்தடிகளை வட்டவாளில் கொடுத்துச் சட்டமும் பலகையுமாக அறுத்து ரயிலேற்றுவது தொழில். சீக்காய்க் கிடந்தால் சம்பளம் கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு நிதி தொடங்கினோம். மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். நோய் வந்தால் டாக்டர் சீட்டைக் கொடுத்துப் பத்து வாரம் வரை அரைச் சம்பளம் வாங்கலாம். உறுப்பினர் இருவர் முறை வைத்து நோயாளியைப் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எல்லோரும் அதைச் 'சிக் பண்டு' என்பார்கள். நான்தான் அதற்குக் காரியதரிசி.

இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று முதல் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இலத்தூரிலிருந்து நடந்து வேலைக்கு வரும் வாள்காரர் மாடசாமி எழுந்தார்.

"அப்பம் இது பிச்சைல்லா? சந்தா வாங்கும்போது இருக்கவன் இல்லாதவன்னு பாத்தா வாங்குதோம்? கட்டுனவனுக்குச் சீக்கு வந்தா குடுக்கணும். அம்புட்டுதான்."

அதையே முதல் விதியாக எழுதினேன்: சந்தா ஒன்றே தகுதி. மொத்தம் பத்து விதிகள்.

மாடசாமி என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். மத்தியானம் வாளை ஓட்டும் இன்ஜின் நின்றதும் தடிகளின் மேல் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். எனக்குக் குடும்பம் இல்லை. அப்பா இறந்ததும் தமையனார் சொத்து முழுவதையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, உன் பங்கைக் காலேஜில் தின்றுவிட்டாய் என்றார். இதை மாடசாமியிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். நாள் முழுவதிலும் நான் வாய்விட்டுப் பேசியது அந்த அரைமணி நேரம்தான்.

வயல் வந்தது

வாசுதேவநல்லூரில் மாடசாமியின் தாய்மாமன் பிள்ளையில்லாமல் இறந்தார். ஒரு கோட்டை விதைப்பாடு, அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், நன்செய் வயல் மாடசாமிக்கு வந்தது. இன்ஜின் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"என்ன ரைட்டரய்யா, ஒம்ம சேக்காளி பண்ணையார் ஆயிட்டாரே. மில்லு பூரா நாலு நாளா இதே பேச்சு. ஒம்மகிட்ட சொல்லலையா?"

அன்று மத்தியானம் மாடசாமி மழையைப் பற்றிப் பேசினார், வாளுக்குப் பல் தீட்டுவதைப் பற்றிப் பேசினார். வயலைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் முதல், வேலை கிடக்கிறது என்று சொல்லி ஆபீஸ் அறையிலேயே சாப்பிட்டேன்.

ஐப்பசியில், குற்றாலத்துக்கு மேலே மலையில் தடி பார்த்துக் குறி போடப் போன மாடசாமி மலைக்காய்ச்சலோடு இறங்கினார். அவர் மனைவி பேச்சியம்மாள் சீட்டுக் கொண்டு வருவதாக ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தகவல் வந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் புத்தகத்தை எடுத்தேன். பத்தாவது விதிக்குக் கீழே எழுதினேன்: '11. சொத்து அடைந்தவர் உதவி பெறத் தகுதியற்றவர்.' மேலே இருந்த பத்தின் மையும் காய்ந்து கறுத்திருந்தது. இது மட்டும் நீலமாக இருந்தது.

பேச்சியம்மாள் வாசலில் நின்றே பேசினார்.

"மூணு நாளா தூக்கித் தூக்கிப் போடுது அய்யா. ரெண்டு கம்பளி போத்தியும் நிக்க மாட்டேங்கு. இந்தாங்க சீட்டு."

"விதி இடம் கொடுக்கலையம்மா. உங்களுக்குத்தான் வயல் வந்திருக்கே."

"வயலு வந்திச்சு, நெல்லு வரலையே. குத்தகைக்காரன் மாசிக்குப் பொறவுதான் அளப்பான். பண்டு இல்லன்னா அந்த வயலைத்தான் விக்கணும். வேலைக்கு முடியாத காலத்துல அங்கன போயி இருக்கலாம்னு அவுக நெனச்சிக்கிட்டு இருக்காவ."

புத்தகத்தைத் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் என் விரலைப் பார்த்தார்.

"ஒங்க கையால எழுதுனதா? அப்பம் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

மில்லில் எவரும் கேள்வி கேட்கவில்லை. "வயக்காரருக்கு எதுக்குவே பண்டு" என்று சிலர் சிரித்தார்கள். கார்த்திகையில் வயல், வந்த விலைக்குப் போய்விட்டது.

தை பிறந்ததும் மாடசாமி வேலைக்கு வந்தார். சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பதினோராவது விதி எந்தக் கூட்டத்துல போட்டது?"

"போன கூட்டத்தில்."

"அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன்" என்றார். பிறகு சந்தாவை மேஜையில் வைத்தார். "வரவு வச்சிக்கிடுங்க, ரைட்டரய்யா."

அண்ணாச்சி என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

ஆறு வருஷம்

ஆறு வருஷம், ஒரு மாதம் தவறாமல், அவர் சந்தா கட்டினார். உதவி மட்டும் கேட்கவே இல்லை. காய்ச்சல் திரும்பி வந்த நாட்களிலும் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாளுக்குத் தடி கொடுத்தார். அதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன். ஒருமுறை ஒருவருக்கும் சொல்லாமல் வாசுதேவநல்லூர் போய், வயலை வாங்கியவரிடம் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "நீரு யாருவே?" என்றார். திரும்பி வந்தேன்.

வருஷக் கூட்டத்தில் காரியதரிசி எல்லா விதிகளையும் உரக்கப் படிப்பது வழக்கம். ஐந்து வருஷம் பதினோராவதையும் சேர்த்தே படித்தேன். அந்த ஆறாவது வருஷம் அதைப் படிக்கவில்லை. அதை எழுதியது எப்போது, யார், ஏன் என்று சொன்னேன். இன்ஜின் டிரைவர்தான் முதலில் பேசினார்.

"படிச்ச மனுசன் பண்ணுத காரியமாவே இது?"

பத்து வார அரைச் சம்பளத்தை என் கையிலிருந்து தருகிறேன் என்றேன். மாடசாமி எழுந்தார்.

"ஒங்க பணம் எனக்கு வேண்டாம். பண்டு குடுக்கட்டும். அது நான் கட்டுனது."

எல்லோரும் கை தூக்கினார்கள். விதியைக் கோடிட்டு அடித்தேன். புத்தகத்தைப் புதிய காரியதரிசியிடம் கொடுத்தேன். மாடசாமி எல்லோருக்கும் முன்னால் பணத்தை வாங்கிக் கையெழுத்திட்டார்.

கேட்டருகில் அவரை நிறுத்திக் கேட்டேன். "வயல் வந்ததை ஊருக்கெல்லாம் சொன்னீர்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நான் எங்க சொன்னேன்? வாசுதேவநல்லூர் வண்டிக்காரன் சொல்லிப் பரவிச்சு. நீங்க சொத்தப் பறிகொடுத்த மனுசன். ஒங்க முன்னால எனக்கு வயலு வந்திச்சுன்னு எந்த வாயால சொல்ல? எப்படிச் சொல்லலாம்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள நீங்க சாப்பிட வாறத நிறுத்திட்டிய."

முறைக்கு வந்தவர்

அடுத்த ஆடியில் எனக்கு டைபாய்டு கண்டது. எழுந்து நடமாடத் தொடங்கும்வரை டாக்டர் வீட்டுக்குப் பக்கத்தில், குற்றாலத்தில் ஒரு வாடகை அறையில் கிடந்தேன். சாரல் நாட்கள். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்களும், ஈரத் துணியோடு சிரித்துக்கொண்டு திரும்புகிறவர்களும் ஜன்னலைத் தாண்டிப் போனபடி இருந்தார்கள். பண்டு முறைக்கு வந்து கையெழுத்திட்டுப் போகிறவர்களைத் தவிர என் கதவைத் தட்ட ஒருவரும் இல்லை.

மூன்றாவது வாரம் முறைக்கு இருவர் வந்து கதவைத் தட்டினார்கள். இன்ஜின் டிரைவர் வெளியே நின்று பீடி பற்ற வைத்தார். மாடசாமி உள்ளே வந்தார்.

"காய்ச்சல் விட்டுருச்சா? மருந்து யாரு குடுக்கா? எந்திரிச்சு நடக்க முடியுதா?"

பண்டுச் சீட்டில் உள்ள மூன்று கேள்விகள். பதில் சொன்னேன். எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

"உட்காருங்கள் மாடசாமி."

"முறைக்கு வந்தேன், ரைட்டரய்யா. பஸ்ஸப் பிடிக்கணும்."

வாசல்வரை போனவர் சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "தேதி போடல. தேதி இல்லன்னா ஒங்களுக்கு ஒரு வாரம் தள்ளிப் போயிரும்" என்று என் பேனாவை வாங்கித் தேதி போட்டார். பிறகு போய்விட்டார்.

பத்து வாரமும் அரைச் சம்பளம் ஒரு நாள்கூடப் பிந்தாமல் வந்தது.

விதிப் புத்தகம் உங்கள் கையில் இருக்குமானால், உங்கள் மனத்தாங்கலை அதில் எழுதிவிடாதீர்கள். நான் மறுத்ததை அவர் எனக்கு விதிப்படி கொடுத்தார். தடிகளின் மேல் உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரம் எந்த விதியிலும் இல்லை. அதை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.