கோமதியின் அறுபத்து மூன்று

என் மனைவி கோமதியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் அவளே முதலில் வேண்டாம் என்பாள். அதனால் அவளைக் கேட்காமலே எழுதுகிறேன். முப்பது வருஷமாகப் பல காரியங்களை இப்படித்தான் செய்து திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் வைத்தீஸ்வரன், வங்கி அதிகாரி. வங்காளிகள் நடுவில், டாக்குரியாவில் எங்கள் வீடு. சீல்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கோமதி 1991-லிருந்து டெக்னீஷியன். தினமும் லோக்கல் ரயிலில் போய் வருவாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஏதோ சோதனைக் குழாய்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

ஒருநாள் அவளே பொறுமையாகச் சொன்னாள். ரத்தத்தில் லைசோபாஸ்போலிப்பிட் என்று ஒரு வகைக் கொழுப்பு ஓடுகிறதாம். அது வந்து ஒட்டிக்கொள்வதற்கென்றே செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே குடும்பம், ஒரே ஜாடை. அதில் ஒன்றை மருந்து தொட்டால் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் வியாதி அடங்கும். இன்னொன்று இதயத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் நாடித் துடிப்பு குறைந்துபோகும் என்று எலிகளிடம் பார்த்திருந்தார்கள்.

"நம்ம மாடிப்படியில நின்னு 'பௌதி'ன்னு கூப்பிட்டா எத்தனை பேர் தலையை நீட்டறா? அஞ்சு வீட்டு அண்ணியும் வந்து நிப்பா. ஒருத்தர் மட்டும் திரும்பறாப்பல கூப்பிடணும். அந்த மாதிரி மருந்துதான் நாங்க தேடறது" என்றாள். இது எனக்குக்கூடப் புரிந்தது.

மருந்தின் வடிவத்தை வரைவது மேக்னா பாசு என்ற விஞ்ஞானி. மூலக்கூறின் வாலைக் கொஞ்சம் குறைப்பார், ஒரு வளையத்தைச் சேர்ப்பார். ஒவ்வொன்றாகச் செய்து எண் போட்டுக் கோமதியிடம் வரும். அவள் அதைச் செல்களின் மேல் விட்டுப் பார்ப்பாள். ஏற்பியைத் தொட்டால் செல் ஒளிரும். நாலு வருஷமாக எல்லா எண்ணும் இரண்டு ஏற்பிகளையும் தொட்டன.

2004-ல் அறுபத்து மூன்று வந்தது. முதல் ஏற்பி உள்ள செல்கள் ஒளிர்ந்தன. இதய ஏற்பி உள்ளவை இருட்டாகவே இருந்தன. மேக்னா கட்டுரை எழுதினார். பெயர்களின் வரிசையில் நாலாவதாக 'வை. கோமதி'. அவள் பெயர் அச்சில் வரப்போவது அதுவே முதல் தடவை. கேட்கவே வேண்டாம், என் தலைகால் எனக்குப் புரியவில்லை. வங்கியில் எல்லோருக்கும் சந்தேஷ் என்ற பால் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

பூஜை லீவுக்கு முன்னால் கட்டுரை பத்திரிகைக்குப் போயாக வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பு கோமதி சப்பாத்திக் கட்டையை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏன்னா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

இந்த மருந்துகளைக் கரைத்துவிட ஆல்புமின் என்ற புரதம் வேண்டும். கொழுப்பு நீக்கிச் சுத்தம் செய்ததுதான் உதவும். சாதாரண ஆல்புமினில், ரத்தத்தில் ஓடும் அந்தக் கொழுப்பு ஏற்கெனவே ஒட்டியிருக்கும். இதயச் செல்களுக்கென்று வாங்கிய சுத்தமான பாட்டில் சீல் உடைக்காமல் அலமாரியில் இருப்பதை அன்று பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் அவள் எடுத்தது பக்கத்தில் இருந்த சாதாரணப் பாட்டில். அதிலிருந்த கொழுப்பே செல்களைக் களைத்துப்போக வைத்திருக்கலாம். மருந்து தொட்டும்கூட ஒளிராமல் இருந்திருக்கலாம்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"யாருக்குடீ தெரியப்போறது? பேசாம இரு. இத்தனை வருஷம் கழிச்சு உன் பேர் வரது. அதை நீயே அழிச்சுப்பியா?"

"மருந்தைச் சாப்பிடறவாளுக்குத் தெரியுமேன்னா. அவா நெஞ்சுக்குத் தெரியும்" என்றாள்.

நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் மேக்னாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். வங்கியில் எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். அதற்கு முன் ஒருநாளும் போனதில்லை. பெண்கள் பெட்டியிலிருந்து நசுங்கிக் கசங்கி இறங்கியவள் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"என்ன, வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டேளா?"

"சும்மாதான் வந்தேன். என்ன ஆச்சு?"

"புதுப் பாட்டில்ல மறுபடியும் பண்ணினோம். ரெண்டு வகைச் செல்லும் ஒளிர்ந்துது. கட்டுரை இல்லேன்னு ஆயிடுத்து."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

"மேடம் ரொம்பக் கோச்சுண்டாளா?"

"இல்லை. ரொம்ப நாழி ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுண்டிருந்தா. அவளுக்கும் நாலு வருஷம் போச்சே! அப்புறம், நாளைக்கு அறுபத்து நாலை ஆரம்பிக்கலாம்னு சொன்னா. பாட்டில் எல்லாம் இனிமே நான் மட்டும்தான் எடுக்கணுமாம். வேற யாரும் தொடப்படாதாம்."

அதைச் சொல்லி முடித்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பிளாட்பாரத்திலேயே அழுதாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.