பூங்காவில் மீன் பிடித்த கதை

தாம்பரம் மார்க்கெட்டில் இருந்த என் பெயிண்ட் கடையை விற்றுவிட்டு, தொண்ணூறுகளில் ஊரோடு ஒத்து நானும் மனை வியாபாரத்தில் இறங்கினேன். படப்பைக்கு உள்ளே தள்ளி நாலு ஏக்கர் வாங்கி, மஞ்சள் கல் நட்டு, மகள் பெயரையே நகருக்கு வைத்து, நோட்டீஸும் அடித்தாயிற்று. ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அது கிடைக்காவிட்டால் மச்சானின் ஸ்டீல் பாத்திரக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். மச்சான் எனக்காக ஒரு நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தான்.

தலைவர் ஒரு பெண். பெண்களுக்கு ஒதுக்கீடு வந்தபின் நடந்த முதல் தேர்தலில் சுயேச்சையாக ஜெயித்தவர். மனைவி தலைவர் என்றால் அதிகாரம் கணவரிடம் என்று உலகமே நம்பிய காலம் அது. நானும் ஸ்வீட் பாக்கெட்டோடு நேரே கணவரிடம்தான் போனேன். அவர் ஏரிக்கரையில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், எங்கிட்ட வந்து சொல்லிகினு கீறீங்க? அவங்கதான் பிரசிடெண்டு. எதுவா இருந்தாலும் கடுதாசி போடுங்க, பதில் வரும்."

பதினைந்து மைல் தூரத்தில் இருப்பவருக்குத் தபாலா என்று எரிச்சலாக வந்தது. இருந்தாலும் வரைபடத்தை இணைத்து அனுப்பினேன். ஒரே வாரத்தில் குண்டுகுண்டு எழுத்தில் இன்லண்ட் லெட்டர் வந்தது.

"ஐயா, பேசினால் நீங்கள் ஒன்று சொன்னதாகவும் நான் ஒன்று சொன்னதாகவும் ஊர் சொல்லும். எழுதினால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம், அதனால்தான் தபால். நீங்கள் பூங்கா என்று போட்டிருக்கும் இடம் ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய். வெயில் காலத்தில் பள்ளமாகத்தான் தெரியும். ஐப்பசியில் உங்கள் பூங்காவில் மீன் பிடிக்கலாம்."

எங்கள் தொழிலில் இது பழைய வித்தை. வரைபடத்தில் பூங்கா காட்டியே ஆக வேண்டும், விலை போகாத பள்ளம் ஒன்று எப்படியும் இருக்கும், இரண்டையும் சேர்த்துவிட வேண்டியது. பிறகு கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரவினால் ஆயிற்று. என் வித்தையை ஒரு பெண் இத்தனை சுலபமாகக் கண்டுபிடித்ததில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்போது நான் கரை வேட்டி கட்டும் ஆள். இரண்டாவது கடிதத்தில் மேலிடம் வரை எனக்கு ஆள் உண்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.

"மேலிடத்தில் ஆள் இருப்பது நல்லதுதான்" என்று பதில் வந்தது. "போன மாதம் உங்கள் கட்சிக் கூட்டத்துக்குக் கொடிக்கம்பம் நட எங்கள் தெருவில் ஆறு குழி தோண்டினார்கள். மூடவில்லை. கன்றுக்குட்டி ஒன்று கால் ஒடித்துக்கொண்டது. மேலிடத்தில் சொல்லி மூடச் செய்யுங்கள். இந்த வருஷம் வேர்க்கடலை நன்றாக வந்திருக்கிறது."

மேலிடத்தில் யாரும் அசையவில்லை. கடைசியில் நானே ஆள் வைத்து ஆறு குழியையும் மூடினேன். அதை எழுதியதும் கன்றுக்குட்டி தேறிவிட்டதாக ஒரு கார்டு வந்தது. எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை.

பிறகு கடிதங்கள் நிற்கவில்லை. என் கட்சியைப் பற்றிச் சண்டை போட்டோம். டவுன் பஸ் ஏன் அவர்கள் ஊருக்குள் வருவதில்லை, ரேஷன் கடை பூட்டுக்கு எத்தனை சாவி என்றெல்லாம் எழுதுவார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான் வாசலுக்கு ஓடுவதைப் பார்த்து, "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு வரி எழுதினதில்ல" என்றாள் மனைவி.

பதின்மூன்றாவது கடிதத்தோடு புது வரைபடம் அனுப்பினேன். கால்வாயைக் கால்வாயாகவே விட்டு, பூங்காவை முகப்பில் மேட்டுக்கு மாற்றினேன். முதல் தரமான இரண்டு மனைகள் போயின. வயிறு எரிந்தது. ஆனால் கையெழுத்து வந்தது. மனைகள் விற்றன. கால்வாய் ஓரத்து மனையை மட்டும் யாரும் தொடவில்லை. வேறு வழியில்லாமல் அதில் நானே வீடு கட்டிக் குடிபோனேன்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. தாம்பரத்தில் நாங்கள் இருந்த பழைய தெருவில் முழங்கால் தண்ணீர் என்று மச்சான் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். எங்கள் வாசல் நனைந்ததோடு சரி. பக்கத்தில் கால்வாய் கரை தொட்டு ஓடியது. நகரில் பாதிப் பேர் அதில் துண்டு விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சானும்தான்.

கையளவு விரால் நாலைப் பையில் போட்டுக்கொண்டு முதல் முறையாகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மாள். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மீனோட வந்துகீறீங்க. கடுதாசி எங்க சார்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். 'மீன் கிடைத்தது' என்று மட்டும் எழுதியிருந்தேன். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே போய் ஒரு கம்பியை எடுத்து வந்தார். என் கடிதங்கள் எல்லாம் வரிசையாக அதில் குத்தியிருந்தன. அடுத்து வரும் பிரசிடெண்ட் கால்வாயை யாருக்கும் விட்டுவிடாமல் இருக்க இவை இருக்க வேண்டும் என்றார். இரண்டு கோடு இழுத்த அந்தக் கடிதம் கீழே தெரிந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அம்மா, அத மட்டும் எடுத்துடலாமே" என்றேன்.

மீன் கடிதத்தை மேலே குத்தியபடி அவர் தலையாட்டி மறுத்தார்.

"அத எடுத்துட்டா இது புரியாது சார்."