வற்றிய கிணற்றின் வாரிசு

காலையில் வந்ததும் தோன் எர்மிலோ கிணற்றுக் குழாயில் காதை வைத்துக் கேட்பார். பக்கத்திலேயே அழுத்தமானி இருக்கிறது. அதை அவர் நம்புவதில்லை. "கருவி பொய் சொல்லும். அம்மணி சொல்ல மாட்டா." அம்மணி என்பது எண்ணெய்க் கிணறு. அவள் பேச்சை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. பிறகு வயர்லெஸ்ஸை எடுத்து, "அழுத்தம் பூஜ்யம், காவல் நூறு சதம்" என்று அலுவலகத்துக்கு அறிவிப்பார். முன்பெல்லாம் மறுமுனையில் ஒரு பெண் "சரிங்க தோன்" என்று மரியாதையாகச் சொல்வாள். இப்போது இரைச்சல்தான் வருகிறது. அதற்கும் "நன்றிம்மா" சொல்லிவிட்டுத்தான் வைக்கிறார்.

எண்ணெய் தீர்ந்த கிணற்றுக்குக் காவல் எதற்கு என்று எங்கள் தபாஸ்கோ மாநிலத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால், அடுத்த கேள்வி கேட்டவருடைய வேலையைப் பற்றி வந்துவிடும். கம்பெனி அரசாங்கத்துடையது, கடன் கம்பெனியுடையது, கட்டுவது ஜனங்கள். "இதுதான் கடைசித் தடவை" என்று வருஷா வருஷம் வானொலியில் நிதியமைச்சர் கம்பெனியைக் கைதூக்கிவிடுகிறார், குடிகார மருமகனுக்கு வாய்த்த மாமனாரின் குரலில். போன மழைக்காலத்தில் கம்பெனியும் காலத்துக்கேற்ப மாறியது. அம்மணியின் தலைமாட்டில் ஒரு சூரியத் தகட்டை நட்டது. அந்த மின்சாரத்தில் ஒரு விளக்கு எரிந்து, 'எச்சரிக்கை: எண்ணெய்' என்ற பலகையைக் காட்டுகிறது.

தகட்டின் மேல் வெயில் காய ஓர் உடும்பு வரும். எர்மிலோ எழுந்து நின்று காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொள்வார். "வாங்க இன்ஸ்பெக்டர். நீங்களாவது வர்றீங்களே."

ஓய்வு பெறுகிறவர் தன் வேலையைப் பிள்ளைக்கு விட்டுப் போவது எங்கள் எண்ணெய்த் தொழிலாளர் சங்கத்து வழக்கம். அதனால்தான் எர்மிலோ, மகள் யுரிதியா பிறந்ததுமே சங்கத் தலைவரை அவளுக்கு ஞானத்தகப்பன் ஆக்கினார். அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் தவறாமல் தலைவர் வீட்டுக்கு ஒரு வான்கோழி போகிறது. "ஒரு பண்ணையையே குடுத்திருக்கேன்" என்பார் எர்மிலோ. எண்ணெயை நாடு சொந்தமாக்கிக்கொண்ட நாளான மார்ச் பதினெட்டு ஊர்வலத்தில் வாரிசு வலப்பக்கம் நடந்து வர வேண்டும். மேடையிலிருந்து தலைவர் தலையசைத்தால் வேலை கைமாறியது. வாரிசு வராவிட்டால் தலைவருக்கு வேண்டியவர் யாருக்காவது போய்விடும்.

இந்த மார்ச்சில் எர்மிலோவின் முறை. முந்தின நாள் யுரிதியா வந்தாள். மெரிதா நகரத்தில் கூரை கூரையாக ஏறிச் சூரியத் தகடு பொருத்துகிறவள். பக்கத்துக் கிணற்றுக் காவல்காரனான நான் பொசோல் என்ற சோளக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தபோது கிணற்றடியிலேயே பேச்சு தொடங்கியது.

"செத்த கிணத்துக்கு என்னையும் காவல் வெக்கப் பாக்கறீங்களாப்பா? கம்பெனி கழுத்து மட்டும் கடன்ல நிக்குது."

"கடன் கம்பெனிக்கு. உனக்கு என்ன?"

"நான்தானே வரி கட்டறேன்! நான் கூரை ஏறுற காசுலதான் உங்க சம்பளம்."

"அடி சக்கை! அப்ப மாசாமாசம் நேரா என் கையிலயே குடுத்துடு. நடுவுல கவர்மென்ட் எதுக்கு?"

அவளும் சிரித்துவிட்டாள். "சூரியன் வத்தாதுப்பா."

"வத்தாது. சங்கம் இருக்கா அதுக்கு? உங்கம்மா கடைசி வருஷம் பூரா கம்பெனி ஆஸ்பத்திரியில வெள்ளைத் துணி போட்ட கட்டில்ல கெடந்தா. யாரும் ஒரு பெசோ கேக்கல. நீ கூரையிலேருந்து விழுந்தா உன்னை யாரு தூக்குவா?"

யுரிதியா தகட்டின் மேல் படிந்திருந்த தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள், தொழில் பழக்கம்.

"நாளைக்கு ஊர்வலத்துல நான் நடக்கலப்பா. நீங்க எங்கூட மெரிதாவுக்கு வந்துடுங்க."

"அம்மணிய யாரு பாத்துப்பா?"

சாயங்காலப் பேருந்தில் அவள் போய்விட்டாள்.

மறுநாள் ஊர்வலத்தில் ஓய்வு பெறுகிறவர்கள் மகன், மகள், மருமகன் என்று ஜோடி ஜோடியாக வந்தார்கள். எர்மிலோவின் வலப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்குத் தார்ச்சாலை காலியாகத் தெரிந்தது. "தோன், வரிசை உடையுது, ஒட்டி வாங்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பக்கத்து வரிசைக்காரர் உதவி செய்வதாக நினைத்து அந்த இடத்துக்குள் ஒரு கால் வைத்தார். எர்மிலோ திரும்பிப் பார்க்கவில்லை. வலக்கையை நீட்டி அவரை மெல்ல அப்புறப்படுத்தினார். நீட்டிய கையை மடக்காமல், நடையை மட்டும் ஒரு பெண்ணின் காலடிக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டு, மேடையைக் கடந்து போனார்.