பாடிக்கு இரண்டு முடிச்சு

கிள்ளான் சாலையில் மூன்று மைல் நடந்த பிறகுதான் கழுத்தில் அளவு நாடா தொங்குவதைக் கவனித்தேன். முதலாளியின் நாடா. திரும்பிப் போய்க் கொடுக்க மனமில்லை. சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தேன். வேலை பிடிக்காவிட்டால் நடந்துவிடுவது என் வழக்கம். பள்ளிக்கூடத்தையே அப்படித்தான் விட்டேன். ஆனால் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அது நடந்து பல வருஷமாயிற்று. போன வாரம் என் மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ரவிக்கைக்குள் போடும் பாடிக்குத் தானே அளவெடுத்தாள். பத்திரிகையில் வழி போட்டிருந்ததாம். உள்ளேயிருந்து அம்மாவிடம் கூச்சமில்லாமல் எண்களைக் கூவினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பின்னாலேயே அந்தப் பழைய கோபமும் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் கடைக்குள் வரமாட்டார்கள். வீட்டிலேயே நூலைச் சுற்றி அளந்து, மாருக்குக் கீழே உள்ள சுற்றுக்கு ஒரு முடிச்சு, மாரின் மேல் வரும் சுற்றுக்கு ஒரு முடிச்சு போட்டு, புருஷனிடம் கொடுத்தனுப்புவார்கள். தேங்காயெண்ணெயும் மஞ்சளும் சில சமயம் பாலும் மணக்கும் அந்த நூல்களை மேசையில் நீட்டி வைத்து வெட்டுவோம்.

முனியன் ரயில் தண்டவாள வேலைக்காரன். அவன் மனைவி காத்தாயிக்கு ஒரு துரை வீட்டில் ஆயா வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஒழுங்காகப் பாடி போட்டு, வெள்ளைச் சேலை கட்டி வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று துரைசாணி சொல்லிவிட்டாள். காத்தாயி கைப்பிள்ளைக்காரி.

கடையில் நாலைந்து ஆண்கள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். முனியன் கொண்டுவந்த நூலை முதலாளி உயரத் தூக்கிப் பிடித்தார்.

"எந்த முடிச்சுடா மாரு? தொட்டுக் காட்டு, எல்லாரும் பாக்கட்டும்!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? முனியன் தலை நிமிராமல் கைக்கு அகப்பட்ட முடிச்சைத் தொட்டான். அது கீழ்ச்சுற்று; அதை மாரளவாக வைத்து வெட்டினால் பாடி நெஞ்சை இறுக்கிவிடும். முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அவன் பொண்டாட்டி, அவனுக்குத் தெரியாதா? வெட்டுடா" என்றார். வெட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை முனியன் வாசலில் வந்து நின்றான். "நேத்து வீட்டுல அதைப் போட்டுக்கிட்டே வேலை செஞ்சு பழகுனா. மாரு கட்டிக்கிச்சுண்ணே. காய்ச்சல். புள்ள வாய் வைக்க முடியாம கத்துது."

"நூல் சரியாத்தான் இருந்திச்சு. உடம்பைக் குறைக்கச் சொல்லு, போ லா" என்றார் முதலாளி. மறுபடி அதே சிரிப்பு. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முனியனோடு ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். காத்தாயி உள்ளே. கதவு சாத்தியிருந்தது. நான் படியில் முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, புள்ளைக்குக் குடுத்தாச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"இப்பவே அளந்துடு. பால் நெறஞ்சு நிக்கறப்பத்தான் சரியான அளவு. மாருக்குக் கீழ சுத்தி, மூச்சை விட்டுட்டு முடிச்சுப் போடு. அப்பறம் முன்னால நல்லா எடுப்பா இருக்கற எடத்துல. இழுக்காத, ஒரு விரல் நுழையணும்."

"வீங்கிக் கெடக்கே, வத்திப்போனா?"

"பக்கத்துல நாடா வச்சுத் தர்றேன். தளந்தா இறுக்கிக்க."

கதவிடுக்கில் நூல் வந்தது. பெரிய முடிச்சில் சிவப்புச் சேலைக் கிழிசல் ஒன்று கட்டியிருந்தது.

"மாரு எதுன்னு இந்த மனுசன்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்கண்ணே. நாலு பேரு சிரிச்சா பெத்த புள்ளயக்கூட அடுத்தவன் புள்ளம்பாரு."



கடைக்குத் திரும்பி, மிச்சத் துணியில் வெட்டித் தைத்தேன். முடிகிற நேரத்தில் முதலாளி பார்த்துவிட்டார். "யாரு அளவு எடுத்தது? நீயா? நல்லாக் காட்டினாளா?" என்று கேட்டுப் பாடியைப் பிடுங்கி, அதே ஆட்கள் முன்னால் இரண்டு பக்கத் தையலையும் பரக்கென்று பிரித்துப் போட்டார். மேசையை உதைத்துக் கவிழ்த்தேன். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்து, நேரே லயத்துக்குப் போய்க் கதவிடுக்கில் நீட்டினேன்.

"துணி கிழியல தங்கச்சி. தையல்தான் விட்டுப்போச்சு."

"வெட்டு சரியா இருந்தாப் போதும்ணே. ஊசி எங்கிட்ட இருக்கு."

படியிலேயே காத்திருந்தேன். உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து, "மூச்சு விட முடியுதுண்ணே" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்துப் பிள்ளையின் சத்தம் நின்றது. சப்பிக் குடிக்கும் ஓசை கேட்டது. எழுந்து கிள்ளான் சாலையில் நடந்தேன். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனதைப் பின்னால் முனியனே சொன்னான்.

அந்தக் கடை இப்போது இல்லை. லயத்தை இடித்துவிட்டார்கள். முடிச்சுப் போட்ட நூல் என்றால் என் மகளுக்கு என்னவென்றே தெரியாது. தெரியவேண்டாம்.

அன்றைக்கு அப்படி நடந்துபோனவன், மறுநாள் காலை கிள்ளான் துறைமுகக் கிடங்கில் சாக்கு வாய் தைக்கச் சேர்ந்தேன். கங்காணி கோணி ஊசியைக் கையில் கொடுத்தான். என் பையில் நீட்டிக்கொண்டிருந்த நாடாவைப் பார்த்து, "அதெல்லாம் தூக்கிப் போடு. இங்க எல்லாம் ஒரே அளவு" என்றான்.