தலைவர் பேரையூர் போன அன்று

சர்வாதிகாரம் என்றால் துப்பாக்கி, ஜெயில், ராணுவம் என்றுதான் நினைத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறென்ன தெரியும்? தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் அதெல்லாம் இல்லை. தலைவர் யாரையும் கை நீட்டி அடித்ததும் இல்லை.

முதலில் வருஷா வருஷம் கை தூக்கித்தான் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம். அப்படி வந்த இவர் போலீஸ் தொல்லை ஒன்றைப் பேசித் தீர்த்துவைத்தார். அடுத்த வருஷம் "அண்ணனே இருக்கட்டும்" என்றோம். அதற்கடுத்த வருஷம் கூட்டமே போடவில்லை. வரிசைப்படி சவாரி என்றிருந்தது, அவர் பேர் சொல்லி அனுப்புவது என்று மாறியது. வாட்ஸ்அப் குழுவில் அவர் மட்டும்தான் பேசலாம். நாங்கள் கட்டைவிரல் போடலாம். நான் முந்திக்கொண்டு போட்டுவிடுவேன். தாமதமானால் என்ன நினைப்பாரோ!

கொட்டாம்பட்டிக்காரன் ஒருவன் எங்களோடு வாடகை வண்டி ஓட்டினான். "ஏண்ணே, இந்த வருஷமும் எலெக்‌ஷன் இல்லையா?" என்று கேட்டுவிட்டான்.

தலைவர் சிரித்தார். "வைப்போம் மாப்ள. நீயே நில்லு."

மறுநாளிலிருந்து அவன் பேரைக் கூப்பிடவில்லை. அவனோடு பேசாதீர்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே டீக்கடையில் பெஞ்சு மாறி உட்கார்ந்தோம். இப்படியே போனால் ஓனர் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் தலைவர் ஒரு கல்யாணத்துக்குப் பேரையூர் போனார். காலையில் ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து ரயில்வே ஸ்டேஷன் போகவேண்டும் என்றது. யாரும் அசையவில்லை. பேர் சொல்ல ஆளில்லையே.

"அண்ணனுக்குப் போன் போடுங்கப்பா."

"போட்டேன், எடுக்கல. மேளச் சத்தத்துல கேக்காது."

"ஆட்டோ இம்புட்டு நிக்குது, ஒருத்தர்கூட வரமாட்டீங்களா?" என்றார் அந்தக் குடும்பத்து அம்மா.

கொட்டாம்பட்டிக்காரன் வண்டியைக் கிளப்பினான். "ஏறுங்கம்மா, நான் வாரேன்."

எங்களில் இரண்டு பேர் குறுக்கே வண்டியை நிறுத்தினார்கள். "வம்பு வேணாம்யா. நாளைக்கு அண்ணன் கேட்டா யாரு பதில் சொல்றது?"

"அந்தாளு பேரையூர்ல பந்தியில உக்காந்திருக்காருய்யா! இங்க நிக்கிறது நீங்கதான்!"

அந்தக் குடும்பம் செல்போனில் வேறு ஆட்டோ வரவழைத்துப் போனது. அவன் நேரே ஓனர் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் தலைவர் வந்தார். காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து, "நல்லா ஓட்டுவானே, ஏம்ப்பா போனான்?" என்றார். முந்தின நாள் நடந்தது நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். யார் முதலில் சொல்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.