அசையக் கூடாத ஒரு மணி நேரம்

வாழ்நாள் முழுக்க ஊசியோடு குடும்பம் நடத்தியவர்தான். ஆனாலும் யாராவது தன் கையில் ஊசி குத்த வந்தால் தையல்காரருக்கு முகம் வெளிறிவிடும். பள்ளிச் சீருடை தைப்பவர். கடை என்றுதான் பேர். மிஷினையும் ஸ்டூலையும் போட்டபின் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். காலையில் மிதிக்க உட்கார்ந்தால் இருட்டும்வரை மிதிப்பார். மோட்டார் வைத்துக்கொள்ளச் சொன்னால், "அப்புறம் என் காலுக்கு என்ன வேலை?" என்பார். வறட்டுப் பிடிவாதம்!

சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது என்று அவர் முதலில் சொன்னபோது, "மென்னு சாப்பிட்டா ஏன் நிக்குது?" என்று அதட்டினாள் மனைவி. அதை நினைத்து நினைத்து இப்போது தன்னையே திட்டிக்கொள்கிறாள். தொண்டை வழியே குழாய் விட்டார்கள். சதையைக் கிள்ளி எடுத்தார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார்கள். பிறகு ரத்தம் எடுத்தார்கள், மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், ஊதச் சொன்னார்கள். வைத்தியம் மட்டும் ஆரம்பித்தபாடில்லை.

"கடைசியா ஒரு ஸ்கேன்," என்றார் டாக்டர். "வேற எங்கயும் பரவலைன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"பரவியிருந்தா?" மனைவிதான் கேட்டாள்.

"அப்போ ஆபரேஷன் கிடையாதும்மா. இருக்கிறவரைக்கும் வலி தெரியாம பாத்துக்கலாம்."

ஸ்கேன் அன்று கையில் மருந்தை ஏற்றிவிட்டு, நர்ஸ் அவரை ஒரு சின்ன அறையில் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"ஒரு மணி நேரம் அப்படியே இருங்கய்யா. பேசக் கூடாது, கை கால் ஆட்டக் கூடாது. எந்தச் சதை வேலை செய்யுதோ அங்க மருந்து போய் சேர்ந்துக்கும். நோய் மாதிரியே மின்னும்."

சமர்த்தாகத் தலையாட்டினார். அவருக்குச் சாகப் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எதிரே ஒரு திரைச்சீலை தொங்கியது. அதன் ஓரத் தையல் கோணல்மாணலாக ஓடி, மூலையில் சுருங்கிப்போய்க் கிடந்தது. எந்தப் புண்ணியவான் தைத்தானோ! பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினார். மூடினாலும் அதுதான் தெரிந்தது. மனசுக்குள்ளேயே பிரித்தார், ஓரத்தை நேராக மடித்தார், நூலை மாற்றினார், தைக்க ஆரம்பித்தார். பயம்கூட மறந்துபோயிற்று.

நர்ஸ் வந்து பார்த்தபோது இரண்டு பாதமும் தரையை மிதித்துக்கொண்டிருந்தன.

"ஐயோ, என்னய்யா இது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முடிவு சொல்லும் நாளன்று டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். இரண்டு கெண்டைக்காலும் விளக்கு போட்டதுபோல மின்னின. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர், அது நான்தான்!" என்று பதறினார் தையல்காரர். "மிஷின் மிதிக்கிற ஞாபகத்துல மிதிச்சுட்டேன்."

"நர்ஸ் சொன்னாங்க. கால்ல நோய் இல்லை. அது வெறும் சதைதான்."

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள். "உங்க காலை உடைச்சு அடுப்புலதான் வைக்கணும்! உயிரே போயிடுச்சு எனக்கு." அவரும் சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு சிரிக்கிறார்!

டாக்டர் சிரிக்கவில்லை. அவருடைய பேனா படத்தில் மேலே போய் வயிற்றுப் பக்கம் நின்றது.

"இது கல்லீரல். இங்கயும் இருக்கு. இங்கயும்."

தையல்காரர் குனிந்து பார்த்தார். "அதுவும் மிதிச்சதால இருக்கும், டாக்டர். அன்னைக்கு ரொம்ப நேரம் மிதிச்சேன். திரை பெருசு."

"இல்லைங்கய்யா. இது பரவினதுதான்."

"மறுபடி எடுங்க, டாக்டர்," என்றாள் மனைவி. "இந்தத் தடவை நானே பக்கத்துல உக்காந்து காலைப் பிடிச்சுக்கறேன். ஆட விடமாட்டேன்."

டாக்டர் கம்ப்யூட்டரை அணைத்தார். அவள் அதைப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, புருஷனின் இரண்டு காலையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவை ஆடவே இல்லை.