மானுக்குச் சொன்ன சாரி

மான் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமெரிக்காவில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் கொல்லையில் மானைப் பார்த்துவிட்டு, "அய்யோ, என்னா அழகு!" என்று கேமராவோடு ஓடுவார்கள். அழகாம் அழகு!

நைனா அங்கே வந்தது ஒரே ஒரு தடவைதான். அம்மா போனபின் விஜயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாகக் கிடந்தார். கம்ப்யூட்டர் வேலை என்று கடல் தாண்டிய நான் ஒரே பிள்ளை. கெஞ்சிக் கூத்தாடித்தான் வரவழைத்தேன். பத்தே நாளில், "இன்னாடா இது, ஜெயிலு மாதிரி கீது. டிக்கெட் போடு" என்று ஆரம்பித்துவிட்டார். எப்படியாவது அவரை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இந்தியக் கடையில் வறுக்காத வேர்க்கடலையைக் கண்டதும் ஆள் மாறிப்போனார். கொல்லையில் புல்லைக் கொத்தி நான்கு வரிசை விதைத்தார்.

"காய் புடுங்கிட்டுத்தான் போவேன்" என்றார். அப்பாடா! நான்கு மாசம். அதற்குள் பழகிவிடுவார் என்று நம்பினேன்.

செடி பூ விட்டிருந்த சமயம், ஒரு காலையில் மூன்று மான்கள் வந்து மேய்ந்துகொண்டிருந்தன. நைனா எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடித்துக்கொண்டு, ஊரில் காட்டுப்பன்றியை விரட்டுகிற அதே குரலில் "ஓஓஹோய்!" என்று பாய்ந்தார். தெருவே அதிர்ந்தது. மான்கள் ஓடின. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்தாள்.

எங்கள் ஊர் எல்லை தாண்டித் தெலுங்குப் பக்கம் சேர்ந்தது; வீட்டில் தமிழ், சர்க்கார் ஆபீசில் தெலுங்கு. அதட்டலாக வந்து நின்றவளை ஆபீசர் என்றே நினைத்தாரோ என்னவோ, நைனா பணிவாகத் தெலுங்கில், "சேனு தினேஸ்தாயி மேடம்" என்றார். பயிரைத் தின்றுவிடுமாம். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் போலீசைக் கூப்பிடுவேன் என்று என்னிடம் சொன்னாள்.

எனக்கு விசா பயம். பல்லை இளித்து சாரி, சாரி என்றேன். வயசானவர், ஒன்றும் தெரியாது என்றேன். அவள் கண்முன்னாலேயே நைனா கையிலிருந்த தட்டைப் பிடுங்கினேன். சீ, நானெல்லாம் ஒரு பிள்ளை!

அவள் போனதும் கேட்டார். "சாரின்னு சொன்னியே, யாருக்குடா? மானுக்கா?"

"இங்க அதெல்லாம் வெரட்டக் கூடாது நைனா."

"உன் ஊடுன்னு சொன்ன. உன் ஊடா இருந்தா வெரட்டியிருப்ப."

மறுநாள் மான்கள் திரும்பி வந்தன. நைனா நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவை தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையைக்கூட அசைக்கவில்லை. அந்த வாரமே டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போய் இரண்டு மாசம் கழித்து, வேலி ஓரம் ஒரே ஒரு செடி பிழைத்திருந்ததைப் பிடுங்கினேன். உடனே ஊருக்குப் போன் போட்டேன்.

"நைனா, ஒம்பது காய் இருந்திச்சி!"



"மானு தேவலாம்டா" என்றார். "அது கொஞ்சமாச்சும் மீதி வெச்சிது."